வாள் தின்ற இடம்

அம்பாசமுத்திரத்தில் ஆனிச் சாரல் சத்தம் போட்டுப் பெய்யாது. மலையிலிருந்து காற்றோடு இறங்கி வரும். சட்டை நனைந்த பிறகுதான் மழை என்றே தெரியும். அன்று செவ்வாய்க்கிழமை. குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு, பட்டறைக் கதவோரத்து முக்காலியில் உட்கார்ந்தேன். பெரியவர் தலையை நிமிர்த்தி ஒருமுறை பார்த்தார். அவருடைய வரவேற்பு அவ்வளவுதான். ஒரு வருடமாக இப்படித்தான் போகிறேன், உட்காருகிறேன், பார்க்கிறேன், எழுந்து வருகிறேன். வாள் ஓடும்போது யாரும் பேசக் கூடாது என்பது அந்தப் பட்டறையின் சட்டம். வந்த முதல் நாளே சொல்லிவிட்டார். அதன் பிறகு வாள் ஓடாதபோதும் எனக்குப் பேசத் தோன்றியதில்லை.

பெரியவர் செப்புச் சாமான் கடைந்தவர். இந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த தொழில். அம்மி, உரல், குடம், அடுப்பு, சட்டி, ஆப்பை என்று ஒரு அடுக்களை முழுவதையும் குழந்தையின் கைக்குள் அடங்கும்படி மரத்தில் கடைந்து கொடுத்த கை. மரம் சுழன்றுகொண்டிருக்கும்போதே அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார். உராய்கிற சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறும். மேலே தாழை மடலை வைத்து அழுத்தினால் பளபளப்பு வரும். அரக்குக்குத் தாய் மனசு. உளி தடுமாறிய இடம், நார் பிய்ந்த இடம், சின்னக் கீறல், எல்லாவற்றையும் சிவப்புக்கும் பச்சைக்கும் அடியில் மூடி வைத்துவிடும்.

இப்போது அதே பட்டறையில் பேத்தி பேனா செய்கிறாள். பேனாவுக்கு அரக்கு கிடையாது. மரம் மரமாகவே தெரிய வேண்டும். அதுவும் ஒரே மரம் அல்ல. கறுத்த மரத்தை வெட்டி, வெட்டிய இடத்தில் மஞ்சள் மரத்தைப் பதித்து, மறுபடி வெட்டி, மறுபடி பதித்து, அப்படிச் சேர்ந்த கட்டையைக் கடைந்தால் பேனாவின் உடம்பில் ஒரு முடிச்சு வரும். நான்கு மஞ்சள் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு கிடக்கும், வாசலில் போடும் சிக்குக் கோலம் மாதிரி. அந்த வளையங்கள் சந்திக்கிற இடத்தில் மறைக்க ஒன்றுமே கிடையாது. வெட்டு எப்படியோ அப்படியேதான் கண்ணுக்குத் தெரியும்.

மேசை ஓரத்தில் ஆறு கட்டைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் முக்கால் அங்குலச் சதுரம், ஒரு சாண் நீளம்கூட இல்லை. ஈட்டி மரம். இடித்த வீடொன்றிலிருந்து வந்த பழைய கட்டில் காலை அறுத்தது. ஈட்டியைப் புதிதாக வாங்குவது லேசில்லை. 1994-ஆம் ஆண்டைப் பெயரில் தாங்கித் தமிழ்நாட்டில் அந்த மரத்துக்கென்றே தனியாகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2017 முதல் ஈட்டியின் பேரினம் முழுவதும் நாடுகளுக்கிடையிலான வணிகக் கட்டுப்பாட்டிலும் இருக்கிறது. ஆகவே கட்டில் கால், உடைந்த நாற்காலிக் கை, பழைய பெட்டியின் சட்டம். இவற்றுக்குள் மரம் எப்போதோ உலர்ந்து, ஆட்டம் அடங்கிப்போயிருக்கும் என்பது ஒரு லாபம். மஞ்சள் மரத்துக்கு அலைய வேண்டாம். செப்புக்காகப் பெரியவர் பரணில் போட்டுவைத்த மஞ்சக்கடம்பு மிச்சம் இருக்கிறது.

ஆறு கட்டைகளும் வெவ்வேறு நிலையில் இருந்தன. ஒன்றில் இன்னும் வாள் படவில்லை. ஒன்றில் ஒரு மஞ்சள் கோடு. இன்னொன்றில் இரண்டு. ஓரத்தில் இருந்ததில் மூன்று. ஒவ்வொன்றின் தலையிலும் பென்சிலால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று முகங்களுக்கு எண் போட்டிருந்தாள். முதல் முகத்தில் சாய்வாக ஒரு வெட்டு. அதில் மஞ்சளைப் பதித்துப் பசை காய்ந்ததும் எதிர்முகத்தில் ஒன்று. பிறகு பக்கவாட்டில் இரண்டு. முருங்கைக்காயைச் சாய்த்து நறுக்கினால் வெட்டு முகம் வட்டமாக வராமல் நீண்ட முட்டையாக வருமே, அதுதான் இதன் சூட்சுமம். நாற்பத்தைந்து பாகையில் பதித்த பட்டை, கட்டை உருண்டையானதும் நீள்வட்டமாக மாறுகிறது. நான்கு திசையிலிருந்து நான்கு நீள்வட்டம்.

முதல் கட்டையை எடுத்தாள். வாள் மேசையின் மேல் ஒரு நகரும் பலகை. அதில் நாற்பத்தைந்து பாகையில் ஒரு சட்டம். சட்டத்தில் கட்டையைச் சாய்த்து, அதன் தலை ஒரு சின்ன முட்டுக்கட்டையில் இடிக்கும்வரை தள்ளினாள். நான்கு வெட்டும் ஒரே இடத்தில் விழவேண்டும் என்பதற்காக அந்த முட்டு. கட்டையைக் கையால் பிடிக்கவில்லை. ஒரு இறுக்கி அதைச் சட்டத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டது. இவ்வளவு சிறிய மரத்தை விரலால் பிடித்து ஓடும் வாளுக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்போதெல்லாம் வயிறு கலங்கும். இவளிடம் அந்தப் பயம் எனக்கு வந்ததில்லை.

ஸ்விட்ச் போட்டாள். பலகை முன்னே நகர்ந்தது. மரத்தில் வாள் பட்டதும் ஓசை மாறியது. ஒரே சுருதியில் போகவில்லை. நடுவில் ஒரு இழுப்பு, ஒரு கரகரப்பு.

பெரியவர் கையை உயர்த்தினார். அவள் வாளை நிறுத்தினாள். முழுவதும் நிற்கும்வரை இருவரும் அசையவில்லை. பிறகுதான் கட்டையை எடுத்தாள்.

வெட்டின் அடி விளிம்பில் சிலாம்பு எழும்பியிருந்தது. நாலைந்து நார்கள் பல் போல நீட்டிக்கொண்டு நின்றன. பின்பக்கத்து மூலையில் அரிசி நொய் அளவுக்கு ஒரு துணுக்கு பெயர்ந்து போயிருந்தது. அவள் சட்டென்று உப்புத்தாளை எடுத்தாள்.

"வைய்யி அத," என்றார் பெரியவர். "தேய்ச்சா வெளிம்பு உருண்டு போவும். உருண்ட வெளிம்புல பசை கோடாத் தெரியும்."

உப்புத்தாள் திரும்பப் பெட்டிக்குள் போனது.

அவர் சொன்னதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். உப்புத்தாள் கையில் வளையும். நடுவைவிட ஓரத்தை அதிகம் தின்னும். கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற முகம் உண்மையில் ஓரங்களில் சரிந்திருக்கும். அந்தச் சரிவுக்குள் பசை தேங்கும். கடைந்து முடித்ததும் இரண்டு மரத்துக்கும் நடுவே அழுக்கு நூல் ஒன்று கிடக்கும். ஒட்டுகிற முகத்தைப் பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்ற நினைப்பே இந்த வேலைக்கு ஆகாது. வாளிலிருந்து வெளியே வரும்போதே அது முடிந்த முகமாக வர வேண்டும்.

பெரியவர் எழுந்து மேசைக்கு வந்தார். அவருக்கு இடது கண்ணில் புரை. நகரும் பலகையைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். வாள் போய்ப்போய் அதன் அடிப்பலகையிலும் பின்சட்டத்திலும் விழுந்திருந்த சந்து வாளின் கனத்தைவிட இரண்டு மடங்கு அகன்றிருந்தது. அதில் விரல் நுனியை வைத்துக் காட்டினார்.

"தாங்கல் இல்ல. மரம் எதுல சாஞ்சு நிக்கும்?"

அவ்வளவுதான் சொன்னார். அவளுக்குப் புரிந்துவிட்டது. மேசை வாளின் பல் முன்பக்கத்தில் மேலிருந்து கீழாக இறங்குகிறது. நாரை அறுத்துக்கொண்டு அடிவழியே வெளியேறும்போது அந்த நாருக்குக் கீழே ஏதாவது தாங்க வேண்டும். தாங்க ஒன்றும் இல்லாவிட்டால் நார் அறுபடுவதற்குப் பதில் பிய்ந்துகொண்டு போகும். தேங்காய்ச் சிரட்டையை அந்தரத்தில் பிடித்து வெட்டுவதற்கும் கட்டையில் வைத்து வெட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்.

மெல்லிய ஒட்டுப்பலகை ஒன்றை அளந்து நறுக்கி அடியில் ஒட்டினாள். இன்னொன்றைப் பின்சட்டத்தின் முகத்தில். அடி உயர்ந்த அளவுக்கு வாளையும் உயர்த்தினாள். வெட்டு கட்டையை முழுசாக இரண்டாக்கிவிடக் கூடாது. உச்சியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக விட்டுவைக்க வேண்டும். அந்த மெல்லிய தோல்தான் இரண்டு பாதியும் இடம் மாறாமல் பிடித்துக்கொள்கிறது. பத்தொன்பது மில்லிமீட்டர்ச் சதுரத்திலிருந்து பத்து பதினோரு மில்லிமீட்டர் உருண்டையாகக் கடையும்போது அந்தத் தோல் தானே சீவலோடு போய்விடும்.

இதற்குள் பெரியவர் வாள்தட்டைக் கழற்றியிருந்தார். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுத்தான் கழற்றினார், அதைக் கவனித்தேன். அறுபது பல். ஒவ்வொரு பல்லின் தோளிலும் கறுப்பாகப் பிசின் ஏறியிருந்தது. ஈட்டியில் எண்ணெய் அதிகம். சூட்டில் உருகிப் பல்லோடு ஒட்டிக்கொள்ளும். பல் மழுங்கிவிட்டது என்று பலர் சாணைக்குக் கொடுப்பார்கள், பாதி நேரம் அழுக்குதான் காரணமாக இருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தார். அறுபதையும். அரைமணி நேரம் ஆகியிருக்கும். வெளியே சாரல் நின்று, வெயில் மூக்கை நீட்டிவிட்டு மறுபடி உள்ளே போனது. நான் நகரவில்லை. பல் பல்லாகச் சுத்தமாவதைப் பார்ப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது, அதை விட்டு எழுந்து போக மனம் வராது.

மறுபடி பொருத்தி ஓடவிட்டார்கள். புதுப்பலகையில் முதல் சந்து விழுந்தது. வாளின் கனம் மட்டும். அதற்குமேல் ஒரு மயிரிழை இல்லை.

அடுத்த வெட்டின் ஓசையை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. பட்டுத்துணியை ஒரே இழுப்பில் கிழித்தால் வருமே, அதற்குப் பக்கத்தில் வரும். அவள் கை தள்ளுகிறதா நிற்கிறதா என்று தெரியாத வேகம். அவசரப்பட்டால் நார் பிய்யும். ரொம்பத் தயங்கினால் பல் ஒரே இடத்தில் உரசி மரம் கருகும், கருகின முகத்தில் பசை பிடிக்காது. கட்டையை எடுத்து என் பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள். வெட்டுக்குள் வெளிச்சம் விழுந்தது. உள்முகத்தில் பல் தடம் ஒன்றுகூடத் தெரியவில்லை. ஈட்டியின் ஊதாக் கறுப்பு, எண்ணெய் தடவினது போல மினுங்கியது.

இனி அந்த இடத்தை நிரப்ப வேண்டும்.

வாள் எவ்வளவு தின்றதோ அவ்வளவையே திருப்பித் தர வேண்டும். கூடக் கொடுத்தால் கட்டை நீளும், குறைத்துக் கொடுத்தால் குறுகும். இரண்டில் எது நடந்தாலும் முன்பு பதித்த பட்டைகளின் இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று நேராக நிற்காது, முடிச்சு முறிந்துவிடும். அவள் வெர்னியரில் அளந்தாள். "ரெண்டு மில்லி, தாத்தா." பெரியவருக்கு மில்லி கணக்கு ஒட்டாது. அவருடைய அளவு நூல். அங்குலத்தில் எட்டில் ஒன்று. "அரை நூலும் கொஞ்சமும்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மஞ்சக்கடம்புப் பட்டையைச் சீவுவது அவர் வேலை. ஒரு பலகையில் அந்தப் பட்டையைக் கிடத்தி, இரண்டு ஓரமும் ஒரே கனமுள்ள இரண்டு கம்பிகளை வைத்தார். இழைப்புளி அந்தக் கம்பிகளின் மேல் தண்டவாளத்தில் போவது போலப் போகும். பட்டை கம்பி மட்டத்துக்கு வந்ததும் உளி காற்றைத்தான் சீவும், மரத்தைத் தொடாது. முதலில் கனத்த சுருள்கள் வந்தன. பிறகு மெலிந்து, கடைசியில் வெங்காயத் தோல் மாதிரி, அந்தப் பக்கம் இருக்கும் விரல் தெரிகிற மாதிரி ஒன்று வந்து காற்றில் நின்றது. அதைப் பிடிக்கப் பார்த்த பூனை ஒன்று வாசலில் உண்டு.

வெர்னியரை அவர் தொடவில்லை. கழிவுக் கட்டை ஒன்றில் அதே வாளால் போட்டுவைத்த வெட்டு இருந்தது. பட்டையை அதற்குள் செருகினார். நுழைந்தது, ஆனால் தானாக விழவில்லை. விரலால் தள்ளினால் போகிறது, விட்டால் நிற்கிறது. தலையை ஆட்டினார். பசைக்கு இடம் வேண்டும். முட்டமுட்ட இறுக்கினால் செருகும்போதே பசையை வழித்து வெளியே தள்ளிவிடும், வெறும் மரமும் மரமும் உரசிக்கொண்டு நிற்கும்.

ஒட்டுவதற்கு முன் அவள் ஈட்டியின் முகத்தை அசிட்டோனில் நனைத்த துணிப்பட்டையால் துடைத்தாள். பட்டறை முழுவதும் நகப்பூச்சு அழிக்கிற வாசனை. எண்ணெய் போன சில நிமிடத்துக்குள் ஒட்டிவிட வேண்டும், விட்டால் உள்ளிருந்து மறுபடி ஏறி வரும். பெவிகாலை முதலில் மெலிதாக ஒருமுறை பூசி, மரம் குடித்து முடிக்கக் காத்திருந்து, மறுபடி பூசினாள். சாய்த்து வெட்டிய முகத்தில் மரத்தின் குழாய்வாய்கள் பாதி திறந்திருக்கும். ஒரே பூச்சில் விட்டால் பசையெல்லாம் உள்ளே போய், ஒட்டுமிடம் காய்ந்து கிடக்கும். பட்டையைச் செருகி நீளவாக்கில் இறுக்கினாள். இரண்டு பக்கமும் முத்து முத்தாகப் பசை பிதுங்கியது. அந்தக் கட்டைக்கு அன்றைய வேலை முடிந்தது.

அடுத்து, மூன்று கோடு போட்டிருந்த கட்டை. அதற்குக் கடைசி வெட்டு.

ஒவ்வொரு கட்டையையும் சட்டத்தில் வைக்கும் முன் அவள் ஒரு பெயின்ட் பிரஷ்ஷால் மூலையைத் தட்டிவிடுவாள். முட்டுக்கட்டையும் சட்டமும் சேரும் அந்த மூலையில்தான் தூள் வந்து பதுங்கும். காலையிலிருந்து ஒருமுறைகூடத் தவறவில்லை. கட்டையின் முகத்தில் காய்ந்த பசைப் பொட்டு ஏதாவது இருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவியும் பார்ப்பாள். கட்டையை எடுத்தாள், தடவினாள். அந்த நேரம் பார்த்து வாசலில் கூரியர்ப் பையன் வந்து நின்றான். பொட்டலத்தைக் கொடுத்து, ரசீது வாங்கி, சில்லறை தேடி, மழையைப் பற்றி அவன் சொன்னதற்குப் பதில் சொல்லித் திரும்பி வந்தாள். கட்டையைச் சட்டத்தில் வைத்தாள். முட்டுவரை தள்ளினாள். இறுக்கினாள்.

பிரஷ் மேசையில் கிடந்தது.

எனக்கு அந்த மூலை தெரிந்தது. சன்னல் வெளிச்சம் நேராக அதில்தான் விழுந்துகொண்டிருந்தது. முட்டுக்கும் கட்டையின் தலைக்கும் நடுவில் ஒரு சின்னச் சுருள், மஞ்சள் நிறம். வாயைத் திறந்தேன். அதற்குள் ஸ்விட்ச் விழுந்துவிட்டது. வாள் ஓடும்போது பேசக் கூடாது.

வெட்டு அழகாக விழுந்தது. அதே பட்டுக் கிழிசல் ஓசை. சிலாம்பில்லை, கருகலில்லை. அவள் முகத்தில் ஒரு திருப்தி. பெரியவர் பரண் பக்கம் திரும்பி நின்றிருந்தார். வெட்டி முடித்த இடத்தைப் பற்றிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். ஒருவேளை சுருள் நசுங்கி ஒன்றுமில்லாமல் போயிருக்கும் என்றும் நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த மஞ்சள் சுருள் கண்ணிலேயே நின்றது.

வியாழக்கிழமை போனபோது அந்தக் கட்டையின் நடுவில் ஏழு மில்லிமீட்டரில் துளை போட்டு, பித்தளைக் குழாயைச் செருகி அரால்டைட் வைத்து ஒட்டி, தலைகளை மட்டம் செய்து வைத்திருந்தாள். துளை போடும் நாளை நான் தவறவிட்டேன். அது பதற்றமான வேலை. நான்கு ஒட்டுகளைத் தாண்டித் துளைமுனை போக வேண்டும். கொஞ்சம் போய், வெளியே இழுத்து, தூளைக் கொட்டி, ஆறவிட்டு, மறுபடி போக வேண்டும். சூடேறினால் ஒட்டு விட்டுவிடும்.

கடைசலுக்குப் பெரியவர் உட்கார்ந்தார். அந்த இடத்தில் அவர் வேறு ஆள். முதுகு நிமிர்ந்துகொள்கிறது. புரை விழுந்த கண்ணை மூடிக்கொள்கிறார். உளி பட்டதும் முதலில் தட்தட்டென்று மூலைகள் உடைபடும் ஓசை, பிறகு மெல்ல மெல்ல அது ஒரு ரீங்காரமாக மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கேட்டுத்தான் கட்டை உருண்டையாகிவிட்டதை அவர் அறிகிறார். சாய்வு உளியை எடுத்தார். கறுப்பும் மஞ்சளும் மாறி மாறிச் சுருண்டு விழுந்தன. இதிலும் உப்புத்தாள் ஆகாது. ஈட்டியின் தூள் மை மாதிரி, தேய்க்கத் தேய்க்க மஞ்சக்கடம்பின் நார்க்கண்ணுக்குள் இறங்கி அதை அழுக்காக்கிவிடும். உளியின் வாயிலேயே பளபளப்பு வர வேண்டும். இரண்டு முறை எழுந்துபோய் உளியைக் கல்லில் தீட்டிக்கொண்டு வந்தார்.

சுழலும்போது முடிச்சு தெரியாது. கறுப்பு உடம்பின் நடுவில் மஞ்சள் மூட்டம் ஒன்று மட்டும் மிதக்கும், விளக்கைச் சுற்றும் ஈசல் கூட்டம் மாதிரி. அவள் அருகில் வந்து நின்றாள். பெரியவர் மோட்டாரை நிறுத்தினார். மூட்டம் மெதுவானது, கோடுகளாகப் பிரிந்தது, கோடுகள் வளைந்தன. ஒரு வளையம் இன்னொன்றின் அடியில் நுழைந்து மூன்றாவதன் மேலேறி வருவது தெரிந்தது. கட்டை நின்றது.

மூன்று வளையங்கள் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்தியிருந்தன. நான்காவது விலகியிருந்தது. ஒரு நூலை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. கடையில் வாங்குகிறவர் பார்க்க மாட்டார். பெரியவர் நகத்தை ஒட்டின் மேல் குறுக்கே ஓட்டினார். நகம் எங்கும் தடுக்கவில்லை. ஒட்டில் குறையில்லை, வெட்டில் குறையில்லை. வெட்டு விழுந்த இடத்தில்தான். அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவர் பார்த்தார். என் முக்காலி என்னைக் குத்தியது. செவ்வாய்க்கிழமையே வாளை நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தியிருக்கலாம். பெரியவர் அன்று காலையில் அதைத்தான் செய்தார், ஒரு சொல் பேசாமல். கை எனக்கும் இருந்தது.

"எப்படித் தாத்தா? எல்லாம் சரியாத்தானே வச்சேன்."

அவர் பதில் சொல்லவில்லை. கட்டையைக் கழற்றி, வெளிச்சத்தில் ஒருமுறை உருட்டிப் பார்த்தார்.

"இத விக்காண்டாம். எனக்கு ஒரு பேனாவாப் பூட்டித் தா. கணக்கெழுத ஆவும்."

நான் முக்காலியிலிருந்து எழுந்தேன். ஒரு வருடத்தில் முதல்முறையாக வாள் மேசைப் பக்கம் போனேன். பிரஷ்ஷை எடுத்து, சட்டமும் முட்டும் சேரும் அந்த மூலையில் வைத்துக் காட்டினேன். அவள் என்னையும் மூலையையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் மாறியது. "கூரியர் வந்தப்போ..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

என் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கினாள். மூலையைத் தட்டினாள். குனிந்து வாயால் ஊதினாள். விரலால் தடவினாள். பிறகு அடுத்த கட்டையை எடுத்துச் சட்டத்தில் வைத்தாள்.